கண் பிழைத்தது, பார்வையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.)



முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் 36 வருடம் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். கண் புற்றுநோயைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஐந்து வருடங்களாக என் அக்காவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் அழைத்து வருகிறேன். அவ்வளவுதான் தகுதி. அந்த வெயிட்டிங் ஹால்களில் உட்கார்ந்து டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு படித்துத் தெளிந்ததையும் உங்களிடம் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்திருந்தால், முடிவு எடுக்கவேண்டியது உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். கண் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்தால் உயிர் பிழைக்கலாம், கண்ணும் பிழைக்கலாம். பார்வைக்கு வரும் ஆபத்து மட்டும் உடனே வராது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும் இரண்டாம் வருடத்திலோ மூன்றாம் வருடத்திலோ மெதுவாக வரும். அந்தச் சமயத்தில் செக்கப்புக்குப் போகிறவருக்கும் போகாதவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

கண்ணுக்குள் புற்றுநோய் வருமா என்று பலர் ஆச்சரியப்படுகிறார்கள். வரும். பெரியவர்களுக்குக் கண்ணுக்குள்ளேயே தொடங்குவதில் முக்கியமானது மெலனோமா. விழித்திரைக்குப் பின்னால் ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு அடுக்கு உண்டு, கோராய்டு என்பார்கள். பெரும்பாலும் அங்கேதான் அது கிளம்புகிறது. வெள்ளைக்காரர்களோடு ஒப்பிட்டால் நம் நாட்டவருக்கு இது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. குழந்தைகளுக்கு வருவது ரெட்டினோபிளாஸ்டோமா. அது விழித்திரையிலேயே வருவது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என் அக்காவுக்கு வந்தது மெலனோமா. வலி இல்லை, சிவப்பு இல்லை, எரிச்சல் இல்லை. படிக்கும் கண்ணாடியின் பவர் மாற்றப் போனாள். சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்த்த டாக்டர், "ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம்" என்றார். இடது கண்ணில் கட்டி. அப்போது அவளுக்கு வயது 61. பத்து வருடமாகச் சர்க்கரையும் உண்டு.

முன்காலத்தில் இந்த நோய்க்கு வைத்தியம் என்றால் கண்ணையே எடுத்துவிடுவதுதான். கண்ணை வைத்துக்கொண்டே கட்டியை அழிக்க முடியுமா என்று 1930ல் லண்டனில் ஃபாஸ்டர் மூர் என்ற டாக்டர் கதிரியக்க ரேடான் விதையைக் கட்டிக்குள்ளேயே வைத்துப் பார்த்தார். அவருக்குப் பின் ஸ்டாலார்ட் என்பவர் கோபால்ட் தகடுகளைக் கொண்டுவந்தார். இன்றும் அடிப்படை அதுதான். ஒரு சின்ன நாணயம் அளவுக்கு, கிண்ணம் போல வளைந்த தகடு. அதில் கதிரியக்கப் பொருள் இருக்கும். அறுவை அரங்கில் கட்டி இருக்கும் இடத்துக்கு நேர் வெளியே, கண்ணின் வெள்ளைச் சுவரில் அதைத் தையல் போட்டுப் பொருத்துவார்கள். சில நாட்கள் அப்படியே இருக்கும். பிறகு மறுபடி அரங்குக்கு அழைத்துப்போய் எடுத்துவிடுவார்கள். கதிர் உள்ளே போய்க் கட்டியைத் தாக்கும். தகட்டின் வெளிப்பக்கத்தில் இருக்கும் உலோகம் மற்றப் பாகங்களுக்குக் கதிர் போவதைக் குறைக்கும்.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. நாம் இருக்கும் கோபாலபுரத்திலிருந்து ஆட்டோவில் போனால் கொஞ்ச நேரத்தில் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை. அங்கே 1978ல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயா இருக்கிறது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்நாட்டிலேயே தயாரித்த அயோடின்-125 விதைகளைக் கண் கட்டிகளுக்குப் பயன்படுத்திய மருத்துவமனை அது. அந்த விதை ஒவ்வொன்றும் அரிசிமணியைவிடச் சிறியது. அவற்றைத் தகட்டில் வரிசையாக அடுக்கிப் பொருத்துவார்கள். பிறகு அதே அணு மையம், அணு உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளின் கழிவிலிருந்து ருத்தேனியம்-106 என்ற தனிமத்தைப் பிரித்தெடுத்து வெள்ளித் தகடு செய்தது. 2019லிருந்து அது நம் நாட்டு மருத்துவமனைகளில் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் ருத்தேனியம் தகட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவேண்டும், செலவும் அதிகம். ருத்தேனியத்தின் கதிர் சில மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். அதனால் தடிமன் குறைந்த கட்டிக்கு அது. தடித்த கட்டிக்கு அயோடின். எதைப் பயன்படுத்துவது என்பது கட்டியின் உயரத்தையும் இடத்தையும் பொறுத்தது.

இனி முக்கியமான கணக்குக்கு வருகிறேன். கணக்கு என்றால் எனக்குக் கொஞ்சம் தெம்பு.

நோயாளியின் குடும்பம் மூன்று கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டுவிடுகிறது. உயிர் பிழைக்குமா? கண் பிழைக்குமா? பார்வை பிழைக்குமா? இந்த மூன்றும் வங்கியில் மூன்று தனித்தனிக் கணக்கு மாதிரி. ஒன்றில் இருப்பு இருக்கிறது என்பதால் இன்னொன்றிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். 1987க்கும் 1998க்கும் இடையில், நடுத்தர அளவு மெலனோமா உள்ள 1,317 பேர் அதில் சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குக் கண் எடுக்கப்பட்டது, பாதிப் பேருக்கு அயோடின் தகடு வைக்கப்பட்டது. முடிவுகள் 2001ல் வெளிவந்தன. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கண் எடுத்தவர்களில் 81 சதவீதம், தகடு வைத்தவர்களில் 82 சதவீதம். அதாவது கண்ணை எடுக்காமல் விட்டதால் உயிருக்கு ஆபத்து கூடவில்லை. உலகம் முழுக்க டாக்டர்கள் தைரியமாகத் தகடு வைக்க இந்த எண்கள்தான் காரணம்.

அதே ஆய்வில் தகடு வைத்தவர்களின் பார்வையையும் அளந்தார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் 43 சதவீதம் பேருக்கு அந்தக் கண்ணின் பார்வை 6/60 அல்லது அதற்கும் கீழே போயிருந்தது. 6/60 என்றால், நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும். கண் டாக்டர் அறையில் தொங்கும் சார்ட்டில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் அந்த ஒற்றைப் பெரிய எழுத்து மட்டும் தெரியும். இது அந்தக் காலத்து எண் என்பதையும் சொல்லவேண்டும். அப்போது இன்றைக்கு இருக்கிற ஊசி மருந்துகள் இல்லை. எல்லாக் கட்டியும் ஒரே இடத்தில் இருப்பதும் இல்லை. ஆனாலும் பார்வைக் கணக்கைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஏன் இப்படித் தாமதமாக வருகிறது? அக்காவின் டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

விழித்திரைக்குச் சாப்பாடு கொண்டுபோவது தலைமுடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள். அவற்றின் உட்சுவரில் ஒற்றை வரிசையாகச் செல்கள் இருக்கின்றன. கதிர் பட்டவுடன் அவை சாவதில்லை. அடிபட்டபடி வேலை செய்துகொண்டிருக்கும். மாதங்கள் போகப்போக ஒவ்வொன்றாக உதிரும். குழாய் வலுவிழந்து கசியும், சில இடங்களில் அடைத்துக்கொள்ளும். கசிந்த நீர் விழித்திரையில் தேங்கி வீங்கும். அடைத்த இடத்தில் விழித்திரை பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கும் திசு, எனக்குப் புது ரத்தக்குழாய் வேண்டும் என்று ஒரு ரசாயனத்தை அனுப்பும். அதைக் கேட்டு முளைக்கும் குழாய்கள் தரமில்லாதவை, தொட்டால் உடையும். உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம். இதெல்லாம் பொதுவாக ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடத்துக்குள் தலைகாட்டும், சிலருக்கு அதற்குப் பிறகும் வரும்.

சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதும் ஏறக்குறைய இதே வழியில்தான். அதனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சின் பாதிப்பு சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரலாம். நம் குடியிருப்பில் அறுபதைத் தாண்டியவர்களில் இந்த இரண்டில் ஒன்றாவது இல்லாதவர் யார் என்று கை தூக்கச் சொன்னால் எத்தனை கை எழும் என்று உங்களுக்கே தெரியும்.

என்னென்ன பாதிப்பு வரலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

விழித்திரையின் நடுவில் மாக்குலா என்ற ஒரு சின்ன இடம் இருக்கிறது. படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், எதிரே வருகிறவரின் முகம் அடையாளம் தெரிவதும் அந்த இடத்தால்தான். அங்கே நீர் கோத்தால் நேர்க்கோடு வளைந்து தெரியும், எழுத்து மங்கும். பார்வை குறைவதற்கு மிகவும் சாதாரணமான காரணம் இது.

அடுத்தது பார்வை நரம்பு. கட்டி அதற்கு அருகில் இருந்தால் நரம்பும் கதிரை வாங்கிக்கொள்ளும். நரம்பு கெட்டால் திரும்பப் பெறுவது கடினம்.

மூன்றாவது கண்புரை. முக்கியமாகக் கட்டி கண்ணின் முன்பக்கம் இருந்தால் வரும். ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்துக்கொள்ளலாம், ஆகவே இதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் மங்கலுக்குக் காரணம் புரைதான் என்று நாமே முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

நான்காவது, கண் அழுத்தம். சற்று முன் சொன்ன தரமில்லாத புதுக் குழாய்கள் கண்ணின் முன்பக்கத்தில் முளைத்து, நீர் வடியும் வழியை அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறும், கடும் வலி வரும். கதிர்வீச்சுக்குப் பிறகும் சிலருக்குக் கண்ணை எடுக்கவேண்டி வருவதற்கு இது ஒரு காரணம். கட்டி மறுபடி வளர்வது இன்னொரு காரணம்.

இவை தவிரக் கண் உலர்ந்துபோவது, இமைமுடி உதிர்வது, பொருள் இரண்டிரண்டாகத் தெரிவது என்று சின்னத் தொல்லைகளும் உண்டு.

இதெல்லாம் ஒரு மனிதருக்கு எப்படி நடக்கும் என்பதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. ஆலிவர் சாக்ஸ் என்ற நரம்பியல் டாக்டர், நியூயார்க்கில் இருந்தவர். அவர் எழுதிய 'அவேக்கனிங்ஸ்' 1990ல் ராபின் வில்லியம்ஸ் நடித்து சினிமாவாகவும் வந்தது. 2005 டிசம்பரில் அவர் சினிமா பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கண்ணில் ஏதோ மினுங்கியது. போய்ப் பார்த்தால் வலது கண்ணில் மெலனோமா. கதிர்வீச்சுத் தகடு வைத்தார்கள், பிறகு லேசரும் செய்தார்கள். பார்வை படிப்படியாகக் குறைந்தது. 2009ல் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து அந்தக் கண்ணில் மிச்சமிருந்த பார்வையும் போயிற்று. தகடு வைத்து மூன்று வருடத்துக்கும் மேல் ஆன பிறகு இது நடந்தது. இரண்டு கண்ணாலும் சேர்ந்து பார்க்கும்போது தெரியும் ஆழத்தை வாழ்நாள் முழுக்க ரசித்த மனிதர் அவர், அதற்கென்றே நியூயார்க்கில் இருந்த ஒரு சங்கத்தில் உறுப்பினர். அவருக்கு உலகம் படம் போலத் தட்டையாகிவிட்டது. அதையும் அவர் ஒளிக்காமல் 2010ல் வந்த புத்தகத்தில் எழுதினார். 2015 தொடக்கத்தில் நோய் கல்லீரலுக்குப் பரவியது தெரிந்தது. அந்த ஆகஸ்டில் 82 வயதில் இறந்தார்.

அவரைப் பற்றிச் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்காக இல்லை. அந்தத் தகடு அவருக்கு ஒன்பது வருடத்துக்கும் மேல் எழுதவும் நோயாளிகளைப் பார்க்கவும் நேரம் கொடுத்தது. ஆனால் அந்த வருடங்களில் கண்ணையும் உடம்பையும் தொடர்ந்து கவனிக்கவேண்டியிருந்தது. கண் மெலனோமா பரவினால் பெரும்பாலும் முதலில் போகுமிடம் கல்லீரல். அதனால்தான் கண் நன்றாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். கண் டாக்டர் ஏன் வயிற்றை ஸ்கேன் செய்யச் சொல்கிறார் என்று என் அத்திம்பேர் முதல் தடவை கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

சரி, நாம் என்ன செய்ய முடியும்?

நாம் நினைப்பதைவிட அதிகம் செய்ய முடியும். ஓ.சி.டி. என்று ஒரு ஸ்கேன் இருக்கிறது. முகவாயை ஒரு தாங்கியில் வைத்து ஒரு புள்ளியைப் பார்க்கவேண்டும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஊசி இல்லை, வலி இல்லை. விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்காக வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டும். மாக்குலாவில் நீர் சேர்வதை, பார்வை குறைவதற்கு முன்பே அது கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தால் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து இருக்கிறது. பட்டினி கிடக்கும் விழித்திரை அனுப்பும் ரசாயனத்தை அது தடுக்கிறது. கசிவு குறைகிறது. பெவசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் என்று பெயர்கள். சிலருக்கு ஸ்டீராய்டு ஊசி, சிலருக்கு லேசர். சில மையங்களில் பாதிப்பு வருவதற்கு முன்பே, தகடு எடுக்கும் நாளிலிருந்தே குறிப்பிட்ட இடைவெளியில் ஊசி போடும் வழக்கமும் இருக்கிறது. உங்கள் கட்டிக்கு அது தேவையா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

கண்ணுக்குள் ஊசியா என்று நடுங்க வேண்டாம். மரத்துப்போகும் சொட்டு விட்டுத்தான் போடுகிறார்கள். அக்கா கையில் ரத்தம் எடுக்கும்போது முகம் சுளிப்பாள், கண் ஊசிக்கு அந்த அளவுகூடச் சுளிப்பதில்லை.

அக்காவுக்கு முதல் வருடம் எல்லாம் நன்றாக இருந்தது. கட்டி சுருங்கிவிட்டது. பார்வை 6/9. ஒவ்வொரு தடவையும் "நன்றாக இருக்கிறது, அடுத்து வாருங்கள்" என்பதுதான் பேச்சு. இரண்டாம் வருடம் அவளுக்கு அலுத்துவிட்டது. "சும்மா போய் சும்மா வரோம்டா. ஆட்டோவுக்கும் ஃபீஸுக்கும் அழுதுண்டு. நல்லாத்தானே தெரியறது, இனிமே எதுக்கு?" என்றாள். வங்கி வேலை பார்த்தவனுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. வருடா வருடம் ஆடிட் செய்கிறார்களே, ஒன்றும் அகப்படவில்லையே, எதற்கு என்று கிளையில் நாங்களும் கேட்டிருக்கிறோம். அகப்படாமல் இருப்பதற்காகத்தான் ஆடிட். அப்படி ஏதோ சொல்லி அழைத்துப்போனேன்.

அன்றைய ஓ.சி.டி.யில் மாக்குலாவுக்குப் பக்கத்தில் நீர் சேரத் தொடங்கியிருந்தது. சார்ட்டில் அவள் படித்த வரி போன தடவை படித்த அதே வரிதான். அவளுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஊசி ஆரம்பித்தார்கள். முதலில் மாதத்துக்கு ஒன்று, பிறகு இடைவெளி கூடியது. சர்க்கரை டாக்டரிடமும் பேசி மருந்தை மாற்றினார்கள்.

இப்போது ஐந்து வருடம் ஆகிறது. கதை இனிப்பாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். இடது கண்ணின் பார்வை 6/24க்கு இறங்கிவிட்டது. பேப்பரில் தலைப்பு தெரியும், பொடி எழுத்து தெரியாது. ஆனால் அந்தக் கண் அவளுக்கு இன்னும் வேலை செய்கிறது. இடது பக்கத்திலிருந்து பைக் வருவது தெரிகிறது. படியில் கால் வைக்க ஆழம் தெரிகிறது. வலது கண்ணுக்கு நாளைக்கு ஏதாவது ஆனால் ஒரு துணை இருக்கிறது.

உங்கள் வீட்டிலோ உறவிலோ யாருக்காவது இந்தச் சிகிச்சை சொல்லியிருந்தால், தகடு வைப்பதற்கு முன்பே டாக்டரிடம் சில கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கட்டி மாக்குலாவிலிருந்தும் பார்வை நரம்பிலிருந்தும் எவ்வளவு தள்ளி இருக்கிறது? அந்த இரண்டுக்கும் எவ்வளவு கதிர் போகும்? மூன்று வருடம் கழித்து இந்தக் கண்ணில் எவ்வளவு பார்வை எதிர்பார்க்கலாம்? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஓ.சி.டி.? கல்லீரலுக்கு என்ன பரிசோதனை, யார் பார்ப்பார்கள்? கேட்டால் டாக்டர்கள் கோபிப்பதில்லை. உயிரைப் பற்றிய பயத்தில் பார்வையைப் பற்றிக் கேட்க நமக்குத்தான் அன்று தோன்றுவதில்லை.

சிகிச்சை முடிந்தவர்கள் வீட்டில் செய்யக்கூடிய ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. தினசரித் தாள் காலண்டரைக் கிழிக்கும்போது, ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் அதன் பொடி எழுத்தைப் படியுங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். அப்படியே ஜன்னல் கிரில்லையும் பாருங்கள், கம்பி நேராகத் தெரிகிறதா, நடுவில் வளைகிறதா? இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடும், நமக்கு மாதக்கணக்கில் தெரியாது. திடீரென்று கறுப்புப் பூச்சி பறப்பதுபோல், திரை விழுவதுபோல், மின்னுவதுபோல் இருந்தாலோ கண் வலித்துச் சிவந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே போகவேண்டும். வீட்டுச் சோதனை செய்கிறோமே என்று ஸ்கேனைத் தவிர்க்கவும் கூடாது. அக்காவுக்கு ஸ்கேனில் தெரிந்தது காலண்டரில் தெரிந்திருக்காது.

இன்னொரு கூட்டத்தாருக்கும் இது பொருந்தும். மூக்கின் உட்பக்கம், சைனஸ், மூளை ஆகிய இடங்களில் உள்ள கட்டிகளுக்கு வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுக்கும்போது, கண்ணோ பார்வை நரம்போ அந்தப் பாதைக்குப் பக்கத்தில் வரலாம். அவர்களுக்கும் வருடங்கள் கழித்து இதே மாதிரி விழித்திரைப் பாதிப்பு வர வாய்ப்பு உண்டு. கண் நோயாளி என்று தன்னை நினைக்காததால் அவர்கள் கண் டாக்டரிடம் போவதே இல்லை. அப்படி யாராவது உங்களுக்குத் தெரிந்தால், கதிர்வீச்சு எடுத்த விவரத்தோடு ஒருமுறை விழித்திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

குழந்தைகள் விஷயம் கடைசியில் சொல்கிறேன் என்றேன். இங்கே தாத்தா பாட்டிகள் நிறையப் பேர். பேரன் பேத்தியை ஃபிளாஷ் போட்டு மொபைலில் படம் எடுக்கிறோம். ஒரு கண்ணில் சிவப்புப் புள்ளியும் மற்றதில் வெள்ளையாகப் பூனைக்கண் போன்ற ஒளியும் விழுந்தால், அல்லது புதிதாக மாறுகண் தெரிந்தால், கேமரா கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். அந்த வாரமே கண் டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் வேறு காரணமாக இருக்கலாம், ஆனால் ரெட்டினோபிளாஸ்டோமா இல்லை என்று தெரிந்துகொள்வது அவசியம். சீக்கிரம் கண்டுபிடித்தால் குழந்தையைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சை இதற்கு இப்போது கூடியவரை தவிர்க்கிறார்கள். பரம்பரையாக வரும் வகையில் அது பிற்காலத்தில் வேறு புற்றுநோயைக் கொண்டுவரக்கூடும், கண்ணைச் சுற்றியுள்ள எலும்பின் வளர்ச்சியும் குன்றும் என்று தெரிந்துவிட்டது. கீமோதெரபி, லேசர், தேவைப்பட்டால் தகடு என்று போகிறார்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் வங்கியில் இருந்ததற்கு அர்த்தம் இல்லை. தகடு வைப்பது ஒரு தடவைச் செலவு. ஊசியும் ஸ்கேனும் வருடக்கணக்கில் வரும் செலவு. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போதே பாலிசியில் கண்ணுக்குள் போடும் ஊசிக்கு எவ்வளவு உச்சவரம்பு என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் நவீன சிகிச்சைகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் இந்த ஊசியும் இருக்கிறது. கம்பெனி இதை அடியோடு ஒதுக்க முடியாது, ஆனால் உச்சவரம்பு வைக்கலாம். பழைய வருமானவரி முறையில் இருப்பவர்களுக்கு 80டிடிபி என்று நாம் அறிந்த கழிவு இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, மற்றவர்களுக்கு 40,000 வரை. இன்ஷூரன்ஸில் திரும்பி வந்த தொகையைக் கழித்துக்கொள்ளவேண்டும், நிபுணரின் சீட்டு வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கண் மட்டும் போய் மறு கண் நன்றாக இருந்தால், அரசு விதிப்படி ஊனம் 40 சதவீதத்துக்குக் கீழேதான் வரும். பெரும்பாலான சலுகைகள் 40லிருந்துதான் தொடங்குகின்றன. அதனால் அந்தச் சான்றிதழை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். தகடு வைத்த தேதி, கதிரின் அளவு, கட்டியின் உயரம் இவை எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி மேலே இருக்கட்டும். டாக்டர் மாறினாலும் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போனாலும் அந்த ஃபைல் கூடவே போகவேண்டும்.

கடைசியாக, ஒரு கண்ணில் பார்வை குறைந்தவர்கள் வாழும் முறை. நல்ல கண்ணுக்கு உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி எப்போதும் போடவேண்டும், பவர் இல்லாவிட்டாலும். டம்ளரில் காபி ஊற்றும்போது பாத்திரத்தின் மூக்கை டம்ளர் விளிம்பில் தொட்டு வைத்துக்கொண்டு ஊற்றினால் சிந்தாது. தெருவைக் கடக்கும்போது பார்வை குறைந்த பக்கம் கழுத்தை முழுதாகத் திருப்பவேண்டும். கூட வருகிறவர் அந்தப் பக்கம் நடக்கட்டும். கார், ஸ்கூட்டர் ஓட்டலாமா என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

படி இறங்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஒரே நிறக் கிரானைட்டில் படி எங்கே முடிகிறது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. அக்கா நம் வீட்டுக்கு வந்தால், லிஃப்ட் ஓடாத நாளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் காலால் தடவித்தான் இறங்குகிறாள். கண்புரை உள்ளவர்களுக்கும், சர்க்கரையால் பார்வை மங்கியவர்களுக்கும் நம் கட்டடத்திலேயே இதே கதைதான். அதனால் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. எல்லாப் படிகளின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பட்டை அடிக்கவேண்டும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் எரியாமல் இருக்கும் விளக்கை மாற்றவேண்டும். பெயின்ட் செலவுக்குப் பொருளாளர் யோசித்தால் முதல் டப்பாவை நான் வாங்கித் தருகிறேன்.